கெஸ்ட் செஃப் சமைக்கும் நிதி விருந்து: காசு எப்படிச் சேர்கிறது?

1981-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். 'நியூயார்க்' இதழில் உணவக விமர்சனம் எழுதிவந்த கேல் கிரீன், நாளிதழில் ஒரு செய்தியைப் படித்தார். நடமாட முடியாமல் வீட்டோடு முடங்கிவிட்ட முதியவர்களுக்கு அந்த நகரில் அரசுப் பணத்தில் சாப்பாடு வீடு தேடிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வேலை நாட்களில் மட்டும்தான். சனி, ஞாயிறு கிடையாது. பண்டிகை நாட்களிலும் கிடையாது. கிறிஸ்துமஸ் அன்று ஊரே விருந்து சாப்பிடும்போது, மாடிப்படி இறங்க முடியாத மூதாட்டிக்கு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கிரீன் உடனே அமெரிக்கச் சமையல் உலகின் மூத்தவரான ஜேம்ஸ் பியர்டைக் கூப்பிட்டார். தெரிந்த உணவகக்காரர்கள், உணவு வியாபாரிகள் என்று ஒருவர் விடாமல் இருவரும் தொலைபேசியில் பிடித்தார்கள். 35,000 டாலர் சேர்ந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு 6,000 முதியவர்களுக்குச் சாப்பாடு போனது. 'சிட்டிமீல்ஸ் ஆன் வீல்ஸ்' என்ற அமைப்பு இப்படித்தான் பிறந்தது.

முதல் வருடம் தொலைபேசியில் கேட்டு வாங்கிவிடலாம். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் அதே ஆட்களிடம் வெறும் கையோடு போய் நிற்க முடியாது. கொடுப்பவருக்கு ஒரு மாலைப் பொழுதையாவது திருப்பித் தர வேண்டும். சமையல்காரர்களிடம் தருவதற்கு என்ன இருக்கிறது? கைப்பக்குவம் இருக்கிறது, அதைச் சாப்பிட ஆசைப்படும் கூட்டமும் இருக்கிறது. 1982-இல் லாஸ் ஏஞ்சலஸில் வுல்ஃப்காங் பக்கும் பார்பரா லாசரோஃபும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து செஃப்களை வரவழைத்து ஓர் உணவு, ஒயின் விழாவைத் தொடங்கினார்கள். சேர்ந்த பணம், சகோதரி ஆலிஸ் மேரி குவின் என்ற கன்னியாஸ்திரி நடத்திவந்த முதியோர் உணவுத் திட்டத்துக்குப் போனது. 1984-இல் எத்தியோப்பியாவில் பஞ்சம் வந்தபோது பில்லி ஷோர், அவருடைய சகோதரி டெபி ஷோர் இருவரும் வாஷிங்டனில் 'ஷேர் அவர் ஸ்ட்ரெங்த்' அமைப்பைத் தொடங்கினார்கள். 1988 முதல் 'டேஸ்ட் ஆஃப் தி நேஷன்' என்ற பெயரில் ஊர் ஊராக இப்படிப்பட்ட மாலைகளை அது நடத்தியது. பியர்டு 1985 தொடக்கத்தில் காலமானார். அவர் நினைவைச் சுமந்து, ஜூன் மாத மாலைகளில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டர் வளாகத்தில் செஃப்கள் வரிசையாக மேடை போட்டுச் சமைத்து, சிட்டிமீல்ஸுக்கு நிதி திரட்டும் வழக்கம் வேரூன்றியது.

இன்று அமெரிக்காவில் ஓரளவு பெரிய ஊர் எதிலும் இப்படியொரு விருந்து நடக்கும். வெளியூர் செஃப் நான்கைந்து பேர் வருவார்கள். உள்ளூர் உணவகம் ஒன்று இடம் கொடுக்கும். ஆளுக்கு ஒரு பதார்த்தம் என்று ஐந்து பதார்த்தம் வரிசையாக மேசைக்கு வரும். ஓர் இருக்கைக்குச் சில நூறு டாலர். திரட்டிய பணம் பசியாற்றும் அமைப்புக்கோ, பள்ளிக் குழந்தைகளின் காலை உணவுக்கோ போகும்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆடி மாத மொய் விருந்தில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுபவர், சோற்றின் விலையைக் கொடுப்பதில்லை. விருந்து வைத்தவரின் தேவைக்குக் கொடுக்கிறார். சோறு ஒரு முகாந்திரம். ஒரே வித்தியாசம், மொய்ப் பணம் பின்னால் திரும்பிப் போயாக வேண்டிய கடன். நிதி விருந்தில் கொடுத்தது கொடுத்ததுதான். மொய் விருந்தையே நன்கொடைக்கு மடைமாற்றியவர்களும் நம்மிடம் உண்டு. 2024 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை இலை போட்டுப் பரிமாறி, சாப்பிட்டவர்கள் விரும்பியதை நிவாரணத்துக்கு வாங்கியது.

விருந்தைப் பற்றிய செய்திகளில் செஃப் பெயர்களும் பதார்த்தங்களின் படங்களும்தான் நிறைந்திருக்கும். உண்மையில் அந்த இரவு தர்மமாவதும் வெறும் கேளிக்கையாகிப் போவதும் ஒரே கேள்வியைப் பொறுத்தது: செலவு யார் தலையில்? அதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் புரிதலுக்காக வைத்துக்கொண்டவை. வடிவம் நடப்பில் உள்ளதுதான்.

120 இருக்கை, இருக்கைக்கு 400 டாலர். மொத்த வரவு 48,000. இனி செலவு. காய்கறி, இறைச்சி, ஒயின் எல்லாம் கடைவிலைக்கு வாங்கினால் ஆளுக்கு 110 டாலர், ஆக 13,200. மண்டபம், பரிமாறும் ஆட்கள், தட்டு, கிளாஸ், மேசைவிரிப்பு வாடகை 9,000. ஐந்து செஃப், ஆளுக்கொரு உதவியாளர், மொத்தம் பத்துப் பேருக்கு விமானமும் இரண்டு இரவு அறையும் தலைக்கு 1,500 வீதம் 15,000. கூட்டினால் 37,200. பசித்தவருக்கு மிஞ்சுவது 10,800. நாலில் ஒரு பங்கைவிடவும் குறைவு.

இதே விருந்தை வேறு மாதிரி நடத்தலாம். உணவகம் தன் விடுமுறை நாளான திங்கட்கிழமை அடுப்பையும் கூடத்தையும் இலவசமாக விட்டுத்தருகிறது. ஒயின் விநியோகஸ்தர் பெட்டிகளை நன்கொடையாக இறக்குகிறார். பண்ணைக்காரர் கீரையும் கிழங்கும் தருகிறார். ஒரு ஹோட்டல் அறைகளைத் தருகிறது. செஃப் தன் பயணச்செலவைத் தானே பார்த்துக்கொள்கிறார், அல்லது ஒரு விமான நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. கையிலிருந்து போகும் செலவு 6,000 டாலரில் நின்றுவிட்டால் மிச்சம் 42,000. அதே டிக்கெட், அதே சாப்பாடு, அதே கைதட்டல். பசித்தவருக்குப் போவது மட்டும் ஏறக்குறைய நான்கு மடங்கு. கெஸ்ட் செஃப் அன்றிரவு தரும் பெரிய நன்கொடை இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ருசியைத்தான் டிக்கெட் வாங்கியவர் சாப்பிட்டுவிடுகிறாரே.

அப்படியானால் வெளியூர் செஃப் எதற்கு? உள்ளூர்க்காரரே சமைத்தால் விமானச் செலவும் மிச்சமாகுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சின்ன ஊர்களில் உள்ளூர் செஃப்களை வைத்து நடத்துவதுதான் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் உள்ளூர் செஃப்பின் கையால் எந்தச் செவ்வாய்க்கிழமையும் போய்ச் சாப்பிடலாம். ஆயிரம் மைல் தள்ளியிருப்பவர் ஒரே ஒரு இரவு வருகிறார் என்றால்தான் 400 டாலர் கொடுக்க ஆள் வருகிறது. இன்னொன்று, வந்த செஃப்களுக்கும் அதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. வருடம் முழுக்கத் தன் சமையலறைக்குள்ளேயே அடைபட்டிருப்பவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்து வேலை செய்யக் கிடைக்கும் அபூர்வமான இரவு அது. பணம் வாங்காமல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிக்கெட்டில் சேர்வது பாதிக் கதைதான். பெரும்பாலான விருந்துகளில் முக்கியப் பதார்த்தத்துக்கும் இனிப்புக்கும் நடுவே விளக்கு கொஞ்சம் மங்கி, ஏலம் விடுபவர் மைக்கைப் பிடிப்பார். நேரம் யோசித்து வைத்ததுதான். வயிறு நிறைந்திருக்கிறது, ஒயின் இறங்கியிருக்கிறது, இனிப்பு வராததால் யாரும் எழுந்து போகவில்லை. ஏலத்தில் அதிகம் போகும் பொருள், பெரும்பாலும் அங்கே நிற்கும் செஃப்தான்: 'உங்கள் வீட்டுக்கே வந்து பத்துப் பேருக்குச் சமைத்துத் தருகிறேன்.' அமைப்புக்கு அதில் ஒரு காசு செலவில்லை. இருவர் விடாமல் கேட்டுக்கொண்டே போனால், தோற்றவருக்கும் அதே விலைக்கு இன்னொரு நாள் சமைத்துத் தருவதாகச் செஃப் அங்கேயே சொல்லிவிடுவதும் உண்டு. ஒரே நிமிடத்தில் வரவு இரட்டிப்பு. அதன்பின் பொருளே இல்லாத ஏலம் வரும். ஏலக்காரர் பெரிய தொகையில் தொடங்கி, 'பத்தாயிரம் தருபவர் யார்? ஐந்தாயிரம்? ஆயிரம்? நூறு?' என்று இறங்கிக்கொண்டே வருவார். எண் அட்டையைத் தூக்கியவர்கள் எல்லோரும் கொடுக்க வேண்டும். நூறு டாலர் வரும்போது கூடம் முழுக்க அட்டை உயரும். இந்தப் பகுதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இதில் சாப்பாட்டுச் செலவு கலக்கவில்லை. தூக்கிய அட்டைக்குரிய பணம் முழுதாகப் போய்ச் சேர்கிறது.

இப்போது சமையலறைக்குள் போகலாம்.

தன் உணவகத்தில் கெட்டிக்காரராக இருக்கும் செஃப், விருந்தாளியாகப் போன இடத்தில் திணறிப் போவது சகஜம். காரணம் எண்ணிக்கை. உணவகத்தில் 120 பேர் வந்தாலும் நான்கு மணி நேரத்தில் பரவலாக வருவார்கள், ஆளுக்கொன்று கேட்பார்கள். விருந்தில் 120 தட்டும் ஒரே பதார்த்தம், ஒரே நேரம். முதல் மேசைக்குப் போன தட்டுக்கும் கடைசி மேசைக்குப் போகும் தட்டுக்கும் இடையில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் முதல் மேசை சாப்பிட்டு முடித்திருக்கும், கடைசி மேசை வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுப்பும் சொந்த அடுப்பில்லை. எந்த பர்னர் மெதுவாக எரியும், எந்த அவன் ஒரு பக்கம் கருக்கும் என்று தெரியாது. கரண்டி எங்கே என்பதுகூடக் கேட்டுத்தான் தெரிய வேண்டும்.

அதனால் அனுபவப்பட்டவர்கள் பதார்த்தத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலையை முடித்துவிடுகிறார்கள். வறுத்துச் சுடச்சுடக் கொடுக்க வேண்டிய மீன், நொடி தவறினால் முறுகும் ஸ்டேக் ஆகியவற்றைத் தொட மாட்டார்கள். நிதி விருந்துகளில் மாட்டு விலா இறைச்சி திரும்பத் திரும்ப வருவதன் ரகசியம் இதுதான். விலாப் பகுதியில் கொழுப்பும் கொலாஜன் நிறைந்த இணைப்புத்திசுவும் அதிகம். ஒயினும் சாறும் ஊற்றி மூடிவைத்து மூன்று நான்கு மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவிட்டால் அந்தத் திசு கரைந்து ஜெலட்டினாகிவிடும். அப்படி வெந்த கறியை ஆறவைத்து மறுநாள் தன் சாறிலேயே சூடுபடுத்தினால் ருசி கூடுமே தவிரக் குறையாது. அரைமணி நேரம் சூட்டிலேயே காத்திருந்தாலும் கெடாது. விலா இறைச்சி செஃப்பின் சோம்பல் என்று சிலர் குறைசொல்வதை ஏற்க மாட்டேன். 120 பேருக்கும் ஒரே பக்குவத்தில் சூடாகப் போய்ச் சேர வேண்டும் என்று அக்கறைப்படுபவர் எடுக்கும் முடிவு அது.

செஃப் சிகாகோவிலும் விருந்து நியூயார்க்கிலும் என்றால், இரண்டு நாள் முன்பே தன் ஊரில் சமைத்து, காற்று நீக்கிய பைகளில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். அல்லது வாங்க வேண்டியவற்றின் பட்டியலைச் சில வாரம் முன்பே அனுப்பிவிட்டு, ஒரு நாள் முந்தி வந்து அங்கேயே வேகவைப்பார். இரண்டிலும் பயம் ஒன்றுதான். பெரிய அண்டாவில் வெந்த குழம்பு நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அமெரிக்க உணவு விதித்தொகுப்பு இதற்குக் கறாரான அளவு வைத்திருக்கிறது. சூடாக வைத்திருப்பது 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. வெந்ததை ஆறவைக்கும்போது 57-இலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் வந்தாக வேண்டும். அதனால்தான் ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, ஐஸ் தண்ணீர்மேல் வைத்து ஆற்றுகிறார்கள். நம் ஊரில் மண்டபம் பிடித்துச் சமைப்பவர்களும் இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

பரிமாறும் நேரம் வந்ததும் சமையலறையில் நீள மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சூடாக்கிய தட்டுகளை வரிசையாகப் பரப்புவார்கள். எந்தச் செஃப்பின் பதார்த்தமோ அவர் முதல் தட்டை மட்டும் தானே செய்துகாட்டுவார்: கிழங்கு மசியல் இங்கே, கறி அதன்மேல் சற்றே சாய்த்து, சாறு இத்தனை கரண்டி, மேலே இந்த இலை, இந்தப் பக்கம் பார்த்து. எல்லோரும் அதை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு வரிசை நகரும். ஒருவர் மசியல் மட்டும் வைத்துக்கொண்டே போவார். பின்னால் வருபவர் கறி. அவருக்குப் பின்னால் சாறு. கடைசி ஆள் ஈரத்துணியால் தட்டின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே வருவார். அந்த வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால், சாறு ஊற்றுபவர் இன்னொரு ஊரின் புகழ்பெற்ற உணவகத்தை நடத்துபவராக இருப்பார். துடைப்பவர் சமையல் கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் பெண்ணாக இருப்பார். தன் பதார்த்தம் முடிந்த செஃப் துண்டை உதறிவிட்டு வெளியே போய்க் கைகுலுக்க மாட்டார். அடுத்தவரின் வரிசையில் இலை வைக்க நிற்பார். எழுதி வைக்காத வழக்கம் இது. மீறுகிறவரை மற்றவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்த நல்ல மனதை ஏமாற்றவும் முடியும். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், மேற்கு 12-ஆம் தெருவில் பியர்டு வாழ்ந்த வீட்டை, ஜூலியா சைல்டின் யோசனைப்படி ஓர் அறக்கட்டளை வாங்கிக் காப்பாற்றியது. 1987-இல் வுல்ஃப்காங் பக் அங்கே வந்து சமைத்த விருந்தோடு ஒரு மரபு தொடங்கியது. நாடெங்கிலுமிருந்து செஃப்கள் வந்து அந்தச் சின்னச் சமையலறையில் ஓர் இரவு சமைப்பார்கள். விருந்தினர் சமையலறை வழியாகவே நடந்து மேசைக்குப் போவார்கள். அங்கே சமைத்தேன் என்று சொல்லிக்கொள்வது செஃப்களுக்குப் பட்டம் வாங்கியது போல. அதற்காகப் பொருள், பயணம், உழைப்பு எல்லாவற்றிலும் பெரும்பகுதியை அவர்களே சுமந்தார்கள். இளம் சமையல் மாணவர்களின் படிப்புக்கு உதவுகிறோம் என்ற எண்ணத்தோடு சுமந்தார்கள். 2004-இல் அந்த அறக்கட்டளையின் கணக்கு வெளியே வந்தபோது, மாணவர் உதவித்தொகைக்குப் போனது வரவில் மிகச் சிறு பங்குதான் என்று தெரிந்தது. தலைவர் பதவி விலகினார். அடுத்த ஆண்டு நிதியைக் கையாடியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். நிர்வாகக் குழு முழுக்க மாற்றப்பட்டு, அமைப்பு தன்னைச் சீர்செய்துகொண்டு இன்றும் இயங்குகிறது. ஆனால் சொந்தக் காசில் கறி வாங்கிக்கொண்டு விமானம் ஏறிய செஃப்களுக்கு அது எப்படி வலித்திருக்கும்! அவர்கள் கொடுத்ததை யாரோ எடுத்துக்கொண்டதோடு, கொடுக்கும் மனதிலேயே சந்தேகத்தை விதைத்துவிட்டார்கள்.

இதற்கு நேரெதிரான வழக்கமும் நியூயார்க்கிலேயே இருக்கிறது. பொதுமக்கள் தரும் நன்கொடை முழுவதும், நூற்றுக்கு நூறு, உணவு தயாரிக்கவும் கொண்டுபோய்ச் சேர்க்கவும் மட்டுமே என்று சிட்டிமீல்ஸ் வாக்குக் கொடுத்து நடத்துகிறது. அலுவலகச் செலவை நிர்வாகக் குழுவினரும் அதற்கென்றே தருகிற ஆதரவாளர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லா அமைப்பாலும் இது முடியாது. அலுவலகம் நடத்துவது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் எந்தப் பணம் எங்கே போகிறது என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்ல எல்லா அமைப்பாலும் முடியும்.

செஃப்களின் தரப்பையும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் உணவகத் தொழிலில் லாபம் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து என்பதே வழக்கம். பெயர் பெற்ற செஃப்பிடம் 'எங்கள் விருந்துக்கு வந்து ஒரு பதார்த்தம் செய்யுங்கள்' என்ற கடிதம் வாரம் தவறாமல் வரும். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டால் கடை தாங்காது. வரி விதியும் அவருக்குத் துணையாக இல்லை. வாங்கிக் கொடுத்த பொருளின் செலவைக் கணக்கில் காட்டலாம். இரண்டு நாள் உழைத்ததன் மதிப்பைக் கழித்துக்கொள்ள அமெரிக்க வரிச்சட்டம் விடுவதில்லை. உழைப்பு தானம் என்றால் அது தானமாகவே போகும். செஃப்பாவது தன் விருப்பத்தில் வருகிறார். கூடவே அழைத்துவரப்படும் இளம் சமையல்காரர்? அவருடைய வார விடுமுறை அன்று, முதலாளி சொல்லிவிட்டாரே என்று வந்து நிற்கிறார். அவருக்கு அன்றைய கூலி கொடுத்தாக வேண்டும். பசியைப் போக்கும் விருந்தில் கூலியில்லாமல் ஒருவரை நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. கொடுக்கும் செஃப்களும் இருக்கிறார்கள். அந்தச் செலவையும் சேர்த்தே அவர்கள் தானம் செய்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வசதியுள்ளவர் சாப்பிட, அந்தப் பணத்தில் இல்லாதவர் வேறெங்கோ சாப்பிடும் ஏற்பாடு. 2015-இல் இத்தாலியின் மிலான் நகரில் இதைத் தலைகீழாகப் புரட்டினார்கள். 'உலகுக்கு உணவூட்டல்' என்ற கருப்பொருளில் அங்கே எக்ஸ்போ கண்காட்சி நடந்தது. மோடெனா ஊரில் மூன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்ற உணவகத்தை நடத்தும் மாசிமோ போத்தூராவும், அவருடைய மனைவி லாரா கில்மோரும், காரித்தாஸ் அமைப்பும் சேர்ந்து, கிரெக்கோ ரயில் நிலையத்துக்கு அருகே மூடிக்கிடந்த 1930-களின் அரங்கம் ஒன்றைச் சாப்பாட்டுக் கூடமாக மாற்றினார்கள். பெயர் 'ரெஃபெத்தோரியோ அம்புரோசியானோ'. கண்காட்சியில் மிச்சமாகி வீணாகப் போகவிருந்த உணவுப் பொருள் தினமும் வண்டியில் வந்து இறங்கும். உலகின் பல நாடுகளிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட செஃப்கள் முறைவைத்து வந்து அதைக்கொண்டு சமைத்தார்கள். ஃபெர்ரான் அட்ரியா, ரெனே ரெட்செப்பி, அலைன் துகாஸ், ஜோன் ரோகா எல்லாம் வந்தார்கள். சாப்பிட்டவர்கள் வீடற்றவர்களும் அகதிகளும். தட்டேந்தி வரிசையில் நிற்கும் வேலை கிடையாது. உட்கார்ந்தால் மேசைக்கு வரும்.

இங்கே செஃப் தன் பதார்த்தத்தைத் தீர்மானித்துக்கொண்டு வர முடியாது. வண்டி வந்த பிறகுதான் அன்றைய சமையல் தெரியும். கறுத்த வாழைப்பழம் ஒரு பெட்டி, தேதி முடியப்போகும் பால், காய்ந்த ரொட்டி, கொஞ்சம் பேசில் என்ற துளசி வகைக் கீரை. போத்தூரா ஒருநாள் பாஸ்தாவுக்குப் பெஸ்தோ அரைக்க உட்கார்ந்தார். முறைப்படி பேசில் இலை, பைன் கொட்டை, சீஸ், எண்ணெய். பேசில் போதவில்லை, பைன் கொட்டை இல்லவே இல்லை. இருந்த பேசிலோடு புதினாவைச் சேர்த்தார். பைன் கொட்டைக்குப் பதில் காய்ந்த ரொட்டித் தூளைப் போட்டார். கொட்டை தரும் திண்மையை ரொட்டி தந்தது. நம் வீடுகளில் தேங்காய் குறைந்தால் பொட்டுக்கடலையைக் கூட்டி அரைப்பவர்களுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கும். கண்காட்சி முடிந்தும் அந்தக் கூடம் மூடப்படவில்லை. 2016-இல் ஒலிம்பிக் சமயத்தில் ரியோ டி ஜெனிரோவிலும், 2017-இல் லண்டனிலும், 2018-இல் பாரிஸில் மதலேன் தேவாலயத்தின் கீழ்த்தளத்திலும் இதேபோன்ற கூடங்கள் திறந்தன.

இரண்டு ஏற்பாட்டில் எது உயர்ந்தது என்ற வாதம் எனக்குத் தேவையில்லாததாகப் படுகிறது. வருடம் முழுவதும் தினசரி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சாப்பாடு போக வேண்டுமானால் பெருந்தொகை வேண்டும். அதை 400 டாலர் டிக்கெட்தான் கொண்டுவரும். ஆனால் செஃப்பை மாற்றும் வலிமை மிலான் வகைக்குத்தான் அதிகம். ஹோசே ஆந்த்ரேஸ் 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டிக்குப் போய் முகாமில் கறுப்பு பீன்ஸ் சமைத்தார். அங்கிருந்த பெண்கள், தங்களுக்கு அப்படிப் பிடிக்காது என்று பணிவாகச் சொல்லிவிட்டு, பீன்ஸை மசித்து வடிகட்டிக் குழைவான குழம்பாக்கும் தங்கள் பக்குவத்தை அவருக்குக் காட்டினார்கள். வாஷிங்டனில் பெரிய உணவகங்கள் நடத்துபவர், முகாமில் நின்று அதைக் கற்றுக்கொண்டார். அவ்வாண்டு அவர் தொடங்கிய 'வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன்', அந்தந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் உணவை அந்தந்த ஊர்ச் சமையல்காரர்களைக்கொண்டே சமைப்பதை வழக்கமாக்கியது. 2017-இல் மரியா புயல் தாக்கிய போர்ட்டோ ரிக்கோவில் 37 லட்சம் வேளைச் சாப்பாடு கொடுக்க முடிந்தது அந்த வழக்கத்தால்தான்.

நிதி விருந்தில் மிச்சமாகும் உணவு என்னவாகும் என்று பலர் கேட்கிறார்கள். மேசைக்குப் போன தட்டில் மிஞ்சியது குப்பைதான். மேசைக்கே போகாமல் சமையலறையில் விதிப்படி சூடாகவோ குளிராகவோ இருந்த தட்டுகளைக் கொடுத்துவிடலாம். நியூயார்க்கில் 1982-இல் தொடங்கிய 'சிட்டி ஹார்வெஸ்ட்' உணவகங்களில் மிஞ்சியதை எடுத்துச் சென்று பசித்தவர்களிடம் சேர்க்கும் வேலையைச் செய்கிறது. வாஷிங்டனின் 'டி.சி. சென்ட்ரல் கிச்சன்' 1989 ஜனவரியில் ஜனாதிபதி பதவியேற்பு விருந்துகளின் மிச்சத்தை எடுத்துவந்துதான் தன் முதல் வேலையைத் தொடங்கியது. 'கொடுத்தது கெட்டுப்போய் யாராவது வழக்குப் போட்டால்?' என்ற பயம் பலரைத் தடுத்ததால், நல்லெண்ணத்தோடு கொடுப்பவரைப் பாதுகாக்க 1996-இல் அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது. எனவே நல்ல அமைப்பாளர் விருந்துக்கு முன்பே இதற்கு ஆள் சொல்லி வைத்திருப்பார்.

அமெரிக்காவில் இருந்து, இப்படி ஒரு விருந்துக்கு டிக்கெட் வாங்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு காகிதத்தைப் பாருங்கள். ஒன்று உங்கள் ரசீது. கொடுத்த தொகை முழுவதும் நன்கொடையாகாது. 500 டாலர் கொடுத்து, சாப்பாட்டின் சந்தை மதிப்பு 150 என்றால், வரியில் கழிக்கத்தக்கது 350 மட்டுமே. 75 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு பதிலுக்கு எதையாவது தரும் அமைப்பு, அந்த மதிப்பை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவிக்காத அமைப்பு கணக்கில் அசட்டையானது என்று வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, 990 என்ற படிவத்தில் அந்த அமைப்பு வருடந்தோறும் வரித்துறைக்குத் தரும் கணக்கு. கடைசி மூன்று வருடத்துக் கணக்கை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். அதில் 'ஜி' என்ற அட்டவணையின் இரண்டாம் பகுதியில் பெரிய நிதி விருந்துகள் தனித்தனியாக இருக்கும்: மொத்த வரவு, அதில் நன்கொடை எவ்வளவு, மண்டப வாடகை எவ்வளவு, உணவும் பானமும் எவ்வளவு, ஆடல்பாடல் எவ்வளவு. உணவு, பானம் என்ற வரியில் தொகை சிறியதாக இருந்தால், யாரோ ஒரு செஃப்பும் பண்ணைக்காரரும் ஒயின் வியாபாரியும் அதைத் தங்கள் பையிலிருந்து போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே வரி மொத்த வரவில் பாதியைத் தின்றிருந்தால், டிக்கெட்டை விட்டுவிட்டு அந்தத் தொகையை நேராக முதியோர் உணவுத் திட்டத்துக்கே அனுப்பிவிடலாம்.